டிம் அடிக்கத் தெரிந்த பல்பு

மே மாதம் பிறந்துவிட்டால் தில்லி கரோல் பாக்கின் மோட்டார் சைக்கிள் கடைகளில் கூட்டம் கூடிவிடும். மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் பனியை வெட்டி வழி திறந்துவிட்டார்கள் என்ற செய்திக்காகக் காத்திருக்கும் கூட்டம் அது. பெட்டி மாட்ட இரும்புச் சட்டம், என்ஜினுக்குக் கார்டு, கூடுதல் பெட்ரோலுக்கு டின், மழைக்கோட்டு என்று பட்டியல் நீளும். பட்டியலின் கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல, ஒரு வரி: ஹெட்லைட் பல்பு. கடைக்காரர் கண்ணாடி மேஜைமீது மூன்றை எடுத்து வைப்பார். முதலாவது, வண்டியோடு வந்ததைப் போன்ற 60/55 வாட் ஹாலஜன். இரண்டாவது, பார்வைக்கு அதன் இரட்டைப் பிறவி போன்ற 100/90 வாட். மூன்றாவது, முதுகில் குட்டி விசிறி வைத்த எல்.இ.டி. வாங்க வருபவர் கேட்கும் கேள்வி எல்லாக் கடைகளிலும் ஒன்றுதான்: "எதில் வெளிச்சம் அதிகம்?"

அது கடைக்காரருக்கு மிக எளிதான கேள்வி. விலை அதிகமானதைக் காட்டினால் போதும். மாறாக, "எதில் டிம் ஒழுங்காக விழும்?" என்று ஒருவர் கேட்டால் கடைக்காரர் சற்றுத் திகைத்துப் போகலாம். ஆனால் நெடுந்தூரம் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இந்த இரண்டாவதுதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். விபத்துகள் அதிகம் நடக்கும் நேரம் மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை. இவற்றில் எத்தனைக்கு எதிர் விளக்கின் கண்கூச்சம் காரணம் என்று பிரித்தெடுப்பது கடினம். கண் கூசி, பள்ளத்தையோ பழுதாகி நின்ற லாரியையோ பார்க்காமல் மோதியவரின் விபத்தும் பதிவேட்டில் 'அதிவேகம்' என்ற பெட்டிக்குள் போய்விட இடமுண்டு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே 60 கி.மீ. வேகத்தில் வருகின்றன. அவற்றுக்கு இடையே உள்ள தூரம் நொடிக்கு 33 மீட்டர் சுருங்குகிறது. கூசிய கண் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில நொடிகள் ஆகும். வயது ஏற ஏற அந்த நொடிகள் கூடும். மூன்று நொடி என்று வைத்துக்கொண்டால்கூட, 50 மீட்டர் தூரத்தை ஒருவர் ஏறக்குறையக் குருடராகக் கடக்கிறார். எதிரே வருபவர் சரக்கு லாரியின் ஓட்டுநராக இருந்தால், அவர் பார்க்காமல் போகக்கூடிய முதல் பொருள் அந்த மோட்டார் சைக்கிள்தான். ஆகவே எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுவது தர்மகாரியம் மட்டுமல்ல, சுயநலமும்கூட.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேஜைமீது இருக்கும் மூன்று பல்புகளையும் பார்க்கலாம்.

ஹாலஜன் பல்பு ஐரோப்பியக் கார்களுக்கு வந்தது 1962இல். ஒரே பல்புக்குள் பிரைட், டிம் இரண்டுக்கும் தனித்தனி இழை வைத்த எச்-4 என்ற வகை 1971இல் வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அது ஓய்வு பெறவில்லை. இந்தியாவில் ஓடும் புல்லட் வகை வண்டிகளில் பெரும்பகுதிக்கு 60/55 வாட் எச்-4தான். சிறிய வண்டிகள் பலவற்றில் அதன் தம்பியான 35/35 வாட் எச்.எஸ்.1 இருக்கும். 60/55 என்பதில் முதல் எண் பிரைட்டுக்கு, இரண்டாவது டிம்முக்கு.

பல்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சூட்சுமம் தெரியும். இரண்டு இழைகளில் ஒன்றின் அடியில் மட்டும் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் தொட்டில்போல இருக்கும். அது டிம் இழை. கிண்ணம் கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறித்துவிடுகிறது. மேல்நோக்கிப் போகும் ஒளி மட்டும் ஹெட்லைட் கிண்ணத்தின் மேல்பாதியில் பட்டு, சாலையை நோக்கிக் கீழே சரிந்து விழுகிறது. கிண்ணம் இல்லாத மற்ற இழை, பிரதிபலிப்பானின் குவியத்தில் உட்கார்ந்து தூரத்துக்கு ஒளியை வீசுகிறது. ஆகவே டிம் என்பது குறைந்த வெளிச்சம் என்பதைவிட, கீழே இறக்கப்பட்ட வெளிச்சம். வாட் கணக்கில் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் வெறும் ஐந்துதான். வேலை செய்வது இழை உட்கார்ந்திருக்கும் இடமும் அந்தக் கிண்ணமும். இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் ஒளி விழும் இடம் சாலையில் பல மீட்டர் மாறிவிடும்.

இப்போது இரண்டாவது பல்பு. 100/90 வாட் வாங்குபவர்களின் தர்க்கம் எளிமையானது: அறுபதைவிட நூறு பெரிது. ஆனால் இந்தப் பல்பு பொதுச் சாலைக்கென அங்கீகரிக்கப்பட்ட வகை அல்ல. காட்டுப் பாதைப் பந்தயங்களுக்காகப் பிறந்தது. டிம் நிலையில் அது 55க்குப் பதில் 90 வாட்டை எரிக்கிறது. சாலையில் விழும் ஒளி கூடும்போது, எல்லைக்கோட்டைத் தாண்டி எதிரே சிதறும் ஒளியும் அதே விகிதத்தில் கூடும். சரியாக டிம் அடித்தவரும் அடிக்காதவர் போலவே தெரிவார்.

வண்டிக்கும் அது நல்லதல்ல. 60 வாட்டுக்கு 12 வோல்டில் 5 ஆம்பியர் மின்சாரம் போதும். 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஒயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிப்படி கூடுவதால், அதே ஒயர் ஏறக்குறைய மூன்று மடங்கு சூடாகிறது. முதலில் ஹேண்டில்பார் ஸ்விட்சின் உள்ளே இருக்கும் தகடு கருகும். பிறகு பல்பு ஹோல்டரின் பிளாஸ்டிக் இளகும். பிளாஸ்டிக் பிரதிபலிப்பான் உள்ள வண்டிகளில் அதன் வெள்ளிப்பூச்சு மங்கும். அதிக வெளிச்சத்துக்காக வாங்கிய பல்பு, ஆறு மாதத்தில் ஹெட்லைட்டையே மங்க வைத்துவிட்டுப் போகும். 35 வாட் எச்.எஸ்.1 இருக்க வேண்டிய இடத்தில் 60 வாட் எச்-4ஐ ஏதோ ஒருவிதமாகத் திணிப்பதும் இதே ரகம்தான்.

மூன்றாவது பல்புக்குத்தான் இன்று மவுசு. புதிதாக வரும் பல மோட்டார் சைக்கிள்களில் தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. ஹெட்லைட் வருகிறது. குறைந்த மின்சாரம், நல்ல ஒளி, நீண்ட ஆயுள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஹெட்லைட்டின் லென்ஸும் பிரதிபலிப்பானும் எல்.இ.டி.க்கென்றே வடிவமைக்கப்பட்டவை. சிக்கல், ஹாலஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டுக்குள் கடையில் வாங்கிய எல்.இ.டி.யைச் சொருகும்போது வருகிறது. மெல்லிய சுருள் இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும், தட்டையான எல்.இ.டி. சில்லு தான் பார்க்கும் பக்கம் மட்டும் வீசும். இழை இருந்த அதே இடத்தில், அதே அளவில், அதே கிண்ணத்தோடு சில்லை உட்கார வைத்தால் ஓரளவு ஒத்துவரும். மலிவான தயாரிப்புகளில் இந்த அக்கறையை எதிர்பார்க்க முடியாது. டிம் ஸ்விட்சைத் தட்டினால் ஒளி மங்கலாகும், கீழே இறங்காது. ஓட்டுநருக்கு முன்னால் பத்து மீட்டர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளையில் மயங்கி அவர், நூறு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாததைக் கவனிக்க மாட்டார்.

ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. மாற்று பல்புகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதுவும் இன்ன பல்பு, இன்ன மாடல் வண்டியின் இன்ன ஹெட்லைட்டில் மட்டும் என்று சோதித்துப் பார்த்துப் பட்டியல் போட்டு. பல்பு நல்லதா என்ற கேள்விக்கு ஹெட்லைட்டைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது என்பதை அந்தப் பட்டியல் ஒப்புக்கொள்கிறது. நமது கடைகளிலோ 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்பதே விளம்பரம்.

வேறு இரண்டு தொல்லைகளும் உண்டு. எல்.இ.டி.யின் முதுகில் இருக்கும் விசிறிக்கும் சூடு தணிக்கும் தகடுகளுக்கும் ஹெட்லைட் கூட்டுக்குள் இடம் போதாது. தூசியையும் ஈரத்தையும் தடுக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு மாட்டுவார்கள். முதல் மழையில் உள்ளே நீர் கோக்கும். இன்னொன்று, பழைய இந்திய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. என்ஜினோடு சுழலும் காந்தச் சுருளிலிருந்து ஏ.சி.யாக நேரே வருகிறது. ஹாலஜன் அதைப் பொருட்படுத்தாது. சாதாரண எல்.இ.டி. கண் சிமிட்டும், அல்லது ஒரேயடியாகக் கண்ணை மூடிவிடும்.

நீலப் பூச்சுப் பூசிய ஹாலஜன் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண ஹாலஜன் ஒளியின் நிற வெப்பநிலை சுமார் 3,200 கெல்வின். லேசான மஞ்சள் சாயல். 'வைரம் போன்ற வெண்மை' என்று விற்கப்படும் பல்பின் கண்ணாடியில் நீலப் பூச்சு இருக்கும். அது மஞ்சள், சிவப்பு ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. பல்பு வெள்ளையாகத் தெரிவதற்காகச் சாலையில் விழும் ஒளியில் கொஞ்சம் தியாகம் செய்யப்படுகிறது. அழகுக்கு வேண்டுமானால் வாங்கலாம். மழையில் நனைந்த தார்ச் சாலையில் அழகு உதவாது.

ஆக, மேஜைமீது மிச்சமிருப்பது முதல் பல்பு. விலையில் மலிவானது, பார்க்கச் சாதாரணமானது. தில்லியில் காஷ்மீரி கேட், பெங்களூரில் ஜே.சி. ரோடு, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கல்கத்தாவில் மல்லிக் பஜார் - எங்கே வாங்கினாலும் பார்க்க வேண்டியவை சில. வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் வகையும் வாட்டும் பல்பின் அடித்தகட்டில் பொறித்திருக்க வேண்டும். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் அது ஐரோப்பிய அங்கீகாரம். இந்தியாவில் இத்தகைய பல்புகளுக்கான தர நிர்ணயம் ஏ.ஐ.எஸ். 034. எச்-4 என்ற பெயருக்குத் தகுதி பெற, 13.2 வோல்டில் பிரைட் சுமார் 1,650 லூமன், டிம் சுமார் 1,000 லூமன் தர வேண்டும் என்று சர்வதேச விதி சொல்கிறது. எச்.எஸ்.1க்கு 825, 525. இதற்கு மேல் ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் அது அச்சகத்தின் தாராளம். நல்ல பல்புக்காக வெளிநாட்டுக்கு எழுதிப் போட வேண்டியதில்லை. வாகன ஹாலஜன் பல்பு நொய்டாவிலேயே பெரிய அளவில் தயாராகிறது.

'நூறு சதவிகிதம் அதிக ஒளி' என்று புகழ்பெற்ற கம்பெனிகளே விற்கும் உயர்ரகப் பல்புகள் உண்டு. வாட் அதேதான்; இழையை இன்னும் சூடாக எரியவிட்டு, இன்னும் துல்லியமாகப் பொருத்தியிருப்பார்கள். சாலையின் சில புள்ளிகளில் வெளிச்சம் உண்மையிலேயே கூடும். அதற்கு விலை, ஆயுள். கடுமையாகச் சூடாகும் இழை சீக்கிரம் அறும். 2017 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடும்வரை விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தில்லியிலிருந்து லே போய்த் திரும்பும் பத்து நாள் பயணத்தில் தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் 80 மணி நேரம் பல்பு எரிகிறது. ஒற்றை சிலிண்டர் என்ஜினின் குலுக்கல் வேறு. சுற்றுப்பயணக்காரருக்கு நீடித்து உழைக்கும் சாதாரண ரகமே உத்தமம்.

அப்படியானால் "வெளிச்சம் போதவில்லை" என்ற குறை பொய்யா? பொய்யில்லை. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் குற்றவாளி பல்பு அல்ல, அதற்குப் போய்ச் சேரும் மின்சாரம். பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் சாவி, ஹேண்டில்பார் ஸ்விட்ச், பழைய கனெக்டர்கள் என்று பல சுங்கச் சாவடிகளைக் கடந்து வருகிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் வோல்டேஜை வசூலித்துக்கொள்கிறது. ஹாலஜனின் ஒளி வோல்டேஜைவிட மிக வேகமாகக் குறையும். பல்பு முனையில் 13.2 வோல்டுக்குப் பதில் 12 கிடைத்தால், வோல்டேஜில் இழப்பு ஒன்பது சதவிகிதம்தான். ஒளியில் இழப்பு கால் பங்குக்கு மேல். புதுப் பல்பு வாங்கும் முன், மெக்கானிக்கிடம் மல்டிமீட்டரை வைத்து, என்ஜின் ஓடும்போது பல்பு முனையில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று அளக்கச் சொல்லலாம். விளக்கு பேட்டரியில் ஓடும் வண்டியாக இருந்தால் ஒரு ரிலேயும் பியூஸும் வைத்துப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுப்பது நல்ல வைத்தியம். ஸ்விட்ச் உத்தரவு மட்டும் போடும். பாரத்தை ரிலே சுமக்கும். பழைய 60/55 பல்பே புதிதுபோல எரியும். அதோடு கண்ணாடியின் புழுதி, உள்ளே படிந்த ஈரம், மங்கிய பிரதிபலிப்பான் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். வெள்ளிப்பூச்சு போன கிண்ணத்துக்கு எந்தப் பல்பும் உயிர் கொடுக்காது.

மாட்டும்போது கண்ணாடிப் பகுதியை விரலால் தொடக்கூடாது என்று பெட்டியில் எழுதியிருப்பது சம்பிரதாயம் அல்ல. ஹாலஜன் பல்பின் கண்ணாடிச் சுவர் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால்தான், ஆவியாகும் டங்ஸ்டன் திரும்பவும் இழைக்கே போய்ச் சேரும் சுழற்சி நடக்கும். விரலின் எண்ணெய் அந்தச் சூட்டில் கருகி, அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி அதிகமாகக் காய்ந்து பலமிழக்கும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிட்டு மாட்டலாம். கழற்றிய பழைய பல்பு எரிகிறது என்றால் தூக்கி எறிய வேண்டாம். துணியில் சுற்றி, சின்ன டப்பாவில் போட்டு, டூல்ஸோடு வைத்துக்கொள்ளலாம். சுமார் 16,000 அடி உயரமுள்ள பாரலாச்சா கணவாயின் இருபுறமும் பல்புக் கடை கிடையாது.

பல்பு வாங்குவதோடு வேலை முடிவதில்லை. எல்லோரும் விட்டுவிடும் பாகம் இதற்குப் பிறகுதான்: ஹெட்லைட்டின் முகத்தைச் சரியாகத் திருப்புவது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, சற்று வலப்புறமாக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்கு அந்த ஒளி கூசக்கூடாது. சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சமதரையில் வண்டியை நிறுத்தி நண்பரை அதன்மேல் உட்கார வைத்து, டிம் போட்டுவிட்டு, எட்டு மீட்டர் எதிரே போய்ச் சற்றே முழங்காலை மடித்து நின்று பார்த்தால் போதும். நண்பரின் முகம் தெரிந்தால் பல்பு பாஸ். வெறும் வெள்ளைப் பந்து மட்டும் தெரிந்தால் பெயில்.

சரிசெய்யவும் சுவர் ஒன்று போதும். அதே எட்டு மீட்டர் தூரத்தில் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ஹெட்லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ள வேண்டும். டிம் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு நாலு விரற்கடை முதல் ஒரு சாண் வரை கீழே இருக்கலாம். மேலே போகக் கூடாது. சுற்றுப்பயணக்காரர்கள் மறக்கும் சங்கதி ஒன்று உண்டு. இந்தச் சோதனையை வெறும் வண்டியில் செய்து பயனில்லை. பின்னால் ஆள், இருபுறமும் பெட்டி, மேலே கூடாரம் என்று ஏற்றியதும் வண்டியின் பின்புறம் அமுங்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். ஊரில் ஒழுங்காக இருந்த டிம், பயணத்தில் எதிர் லாரியின் கண்ணாடிக்கு ஏறிவிடும். சாமான் முழுவதையும் கட்டிய பிறகு ஷாக் அப்சார்பரை இறுக்கி, ஹெட்லைட்டைச் சற்றுத் தாழ்த்திவிட்டுப் புறப்பட வேண்டும். கூடுதல் விளக்குகள் மாட்டுகிறவர்கள், டிம் அடித்ததும் அவையும் அணைந்துவிடும்படி ஒயரிங் செய்துகொள்வது நல்லது.

சட்டமும் வேடிக்கை பார்க்கவில்லை. வண்டியைத் தயாரிப்பாளர் செய்த நிலையிலிருந்து இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். நடைமுறையில் போலீசார் பல ஊர்களில் அவ்வப்போது கண்கூசும் விளக்குகளைக் கழற்றும் சோதனை நடத்துகிறார்கள். வேறு சில நேரங்களில் ஹெட்லைட்டின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் கோணம் தவறிய விளக்குக்குக் கறுப்புப் பொட்டு வைத்தால் கோணம் திருந்தாது. மிச்சமுள்ள ஒளி அப்போதும் தவறான இடத்துக்கே போகும். விற்கும் கடையைக் கேட்காமல், மாட்டியவரை மட்டும் பிடிப்பதும் பாதி வைத்தியம்தான்.

எவ்வளவு நல்ல பல்பு மாட்டினாலும் அதற்கு ஒரு எல்லை உண்டு. டிம் வெளிச்சத்தில் விளக்கில்லாத சைக்கிளோ மாடோ தெரிவது ஏறக்குறைய 50 மீட்டருக்குள்தான். 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு நொடி. பிறகு நிற்க இன்னும் 40 மீட்டர். மொத்தம் 60 மீட்டரைத் தாண்டிவிடும். அதாவது தெரியும் இடத்துக்கு அப்பால்தான் வண்டி நிற்கும். 60 கி.மீ. வேகத்தில் இந்தக் கணக்கு 40 மீட்டருக்குள் அடங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் வட இந்தியச் சமவெளியில் மூடுபனி இறங்கும்போது பிரைட் போட்டால் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பும். அப்போது டிம்மும் குறைந்த வேகமும்தான் துணை. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஹெட்லைட் சாலையை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கைக் காட்டும். அனுபவசாலிகள் இருட்டும் முன்பே ஜிஸ்பாவிலோ சர்ச்சுவிலோ வண்டியை நிறுத்திவிடுவது குளிருக்குப் பயந்து மட்டுமல்ல.

நாடு முழுவதும் லாரிகளின் முதுகில் 'ஹாரன் ஓகே பிளீஸ்' என்பதோடு எழுதியிருக்கும் இன்னொரு வாசகம், 'யூஸ் டிப்பர் அட் நைட்'. இரவில் ஹாரன் அடிக்காமல் விளக்கை ஏற்றி இறக்கி வழி கேள் என்பது அதன் பொருள். பஞ்சாபிலிருந்து வரும் லாரிக்காரரும் நாமக்கல்லிலிருந்து வரும் லாரிக்காரரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே நள்ளிரவில் நாக்பூர் அருகே பேசிக்கொள்வது இந்த மொழியில்தான். ஒரு முறை ஏற்றி இறக்கினால் 'நான் முந்தப் போகிறேன்'. எதிரே வருபவர் இறக்கினால் 'உன்னைப் பார்த்துவிட்டேன், நீயும் இறக்கு'. பதிலுக்கு இறக்கினால் 'சரி, நன்றி'. இதில் இருப்பது இரண்டே சொற்கள், பிரைட் ஒன்று, டிம் ஒன்று. எந்த நிலையில் வைத்தாலும் எதிராளியின் கண்ணில் குத்தும் பல்பை மாட்டியவர் இரண்டாவது சொல்லை இழந்துவிடுகிறார். அவர் மரியாதையாக டிம் அடித்தாலும் எதிரே இருப்பவருக்கு அது கூச்சலாகவே கேட்கும். அவரும் பதிலுக்குப் பிரைட் போடுவார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் ஒரே சாலையில் நெருங்கி வருவார்கள்.

சில நூறு ரூபாய்க்கு வாங்கும் பொருளுக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்கலாம். கடையில் பல்பை எரித்துக் காட்டச் சொல்லும்போது பிரைட்டைப் பார்த்துப் பிரமிக்காமல், ஸ்விட்சை டிம்முக்குத் தள்ளிவிட்டு எட்டு மீட்டர் எதிரே போய் நின்று பார்க்க ஒரு நிமிடம் ஆகும். யோசனைக்கு அந்த ஒரு நிமிடம் போதும்.